கூட்டிச் சொன்ன வருத்தம்

1

எங்கள் வீட்டில் இப்போது யாருக்கு எங்கே வலித்தாலும் எண்ணில்தான் பேச்சு. மகள் ஷெரின் காலையில் போர்வைக்குள் கிடந்தபடியே "வயிறு, மூணு" என்பாள். கணக்குப் பரீட்சை இருக்கிற நாளில் அந்த மூன்று எப்படியோ ஆறாகிவிடும். நான் வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றும்போது "கால், அஞ்சு" என்றால் போதும், யாராவது சுடுதண்ணீர் கொண்டுவந்து வைப்பார்கள். என் வீட்டுக்காரர் ஆரோக்கியசாமி மட்டும் தன் எண்ணை உடனே சொல்லமாட்டார். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்து யோசித்துவிட்டுத்தான் சொல்வார்.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோயில் மண்டபத்தில் ஒரு கேக் வெட்டினோம். அவரும் மகளும் கனடாவுக்கு வந்து ஒரு வருசம் நிறைந்துவிட்டது. அங்கே, இலங்கையில் ஹட்டன் பக்கத்திலிருந்து புதிதாக வந்திருந்த ஒரு தம்பி, கேக் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவரிடம் மெதுவாகக் கேட்டான். தனக்குச் சீனி வியாதி இருப்பதாகவும், வந்தவுடன் இன்சூரன்ஸ் எடுக்கச் சொல்கிறார்கள் என்றும், அவர்களிடம் எதைச் சொல்வது எதை விடுவது என்று தெரியவில்லை என்றும் சொன்னான்.

ஆரோக்கியசாமி அவன் தோளில் கை வைத்தார். "இருக்குறத இருக்குற மாதிரி சொல்லு தம்பி. கொறைக்கவும் வேணாம், கூட்டவும் வேணாம்" என்றார்.

பக்கத்தில் ஜூஸ் குடித்துக்கொண்டிருந்த ஷெரினுக்குப் புரையேறிவிட்டது. எனக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்தத் தம்பி பாவம், நாங்கள் அவனைப் பார்த்துத்தான் சிரிக்கிறோம் என்று நினைத்திருப்பான். ஊரில் இருக்கும் உங்களுக்கும் சிரிப்பின் காரணம் தெரியாது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

2

கனடாவுக்கு முதலில் வந்தது நான். பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிள்ளை மடுவத்தில், கொழுந்தெடுக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். அந்த அனுபவத்தையும் உயர்தரச் சான்றிதழையும் வைத்துக்கொண்டு, இடையில் சில வருசம் குவைத்தில் கிடந்து, கடைசியில் வான்கூவருக்குப் பக்கத்தில் முதியோரைப் பராமரிக்கும் வேலைக்கு வந்து சேர்ந்தேன். அங்கே சின்னதுகளுக்குச் சோறூட்டிய கை, இங்கே பெரியவர்களுக்கு சூப் ஊட்டுகிறது. பிடிவாதத்தில் இரண்டு கூட்டமும் ஒன்றுதான்.

நிரந்தர வதிவிடம் கிடைத்து, குடும்பத்தைக் கூப்பிட்டு, அவர்கள் வந்து சேர ஏழு வருசம் போய்விட்டது. ஷெரினின் முதல் நற்கருணையை நான் போனில்தான் பார்த்தேன். அவர் தோட்டத்துக் கொழுந்து லொறி ஓட்டிக்கொண்டே அவளுக்குச் சடை பின்னப் பழகியதையும் போனில்தான் பார்த்தேன். விமான நிலையத்தில் இருவரும் வெளியே வந்தபோது, மகள் என்னைவிட உயரமாக இருந்தாள். அவர் என்னைவிட மெலிந்திருந்தார். அன்றைக்கு நான் பட்ட சந்தோசத்தை எழுத எனக்குத் தெரியாது.

சந்தோசத்தோடு ஒரு பயமும் இருந்தது. நாங்கள் இருக்கும் மாகாணத்தில், புதிதாக வருகிறவர்களுக்கு அரசாங்க மருத்துவ அட்டை உடனே கிடைப்பதில்லை. வந்திறங்கிய மாதத்தின் மிச்ச நாட்களும், அதற்கு மேல் இரண்டு மாதமும் காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில் ஏதாவது வந்தால் ஆஸ்பத்திரிச் செலவு முழுவதும் நம் தலையில். அதற்காகத் தனியார் இன்சூரன்ஸ் எடுக்கச் சொல்வார்கள். நல்ல உடம்புக்காரர்களுக்கு அது ஒரு போன் அழைப்பில் முடிகிற வேலை. அவருக்கோ சீனியும் உண்டு, மூச்சு இழுப்பும் உண்டு. இரண்டும் கூடவே விமானம் ஏறி வந்தவை. வேளாங்கண்ணி ஆரோக்கிய மாதாவிடம் நேர்ந்துகொண்டு மாமியார் வைத்த பெயர் அவருடையது. பெயரைப் பார்த்து எந்த நாட்டிலும் இன்சூரன்ஸ் கொடுப்பதில்லை.

இலங்கையில் நமக்கு இல்லாத குறை கிடையாது. ஆனாலும் அரசாங்க ஆஸ்பத்திரி வாசலில் காசு கேட்டு யாரும் நம்மை மறித்ததில்லை. விடிய முன்னம் போய் வரிசையில் நிற்க வேண்டும், வாங்குப் பலகையில் இடம் பிடிக்கச் சண்டை போட வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பழக்கத்தில் வந்தவருக்கு, நோய் வருத்தம் வருவதற்கு முன்பே வருத்தத்தைப் பற்றிப் பேட்டி கொடுக்க வேண்டும் என்பது விளங்கவே இல்லை. நான் பொறுமையாகச் சொன்னேன். ஏற்கெனவே இருக்கும் வியாதி கடைசி ஆறு மாதமாக ஏறாமல் இறங்காமல், மருந்து மாறாமல் ஒரே சீராக இருந்தால், கொஞ்சம் கூடக் கட்டணம் வாங்கிக்கொண்டு அதையும் சேர்த்துக்கொள்வார்கள். அது அவருக்கு அப்படித்தான் இருந்தது. எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

போனில் பேட்டி எடுக்கும் நாளில் எனக்கு வேலை. ஷெரின் பக்கத்தில் இருந்து மொழிபெயர்ப்பதாக ஏற்பாடு. வீட்டைவிட்டுக் கிளம்பும்போது, "எதையும் மறைக்காம சொல்லிருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனேன்.

3

அன்று சாயங்காலம் வீடு திரும்பினால் கருவாட்டுக் குழம்பு மணம் படிக்கட்டு வரைக்கும் வந்தது. அவர் கழுத்தில் துவாயைப் போட்டுக்கொண்டு சிரித்தபடி நின்றார். பேட்டி எப்படி என்று கேட்டேன்.

"ஜெயிச்சாச்சு" என்றார். "அந்தப் பொண்ணு தங்கமான பொண்ணு. நான் சொல்லச் சொல்ல 'ஐ ஆம் சாரி, ஐ ஆம் சாரி'ன்னு ஒரே வருத்தம். அழுவாத கொறைதான்."

இன்சூரன்ஸ்காரி எதற்கு 'சாரி' சொல்ல வேண்டும்? ஷெரினைக் கூப்பிட்டு நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொன்னேன். அவள் வந்த இரண்டு வாரத்திலேயே பாதி ஆங்கிலத்துக்கு மாறியிருந்தாள். நான் தமிழில் கேட்டால் தோளைக் குலுக்குவாள். அன்றைக்கு மட்டும் ஆசையாக, ஒன்று விடாமல் ஒப்பித்தாள்.

இழுப்பு உண்டா என்று கேட்டிருக்கிறார்கள். சின்ன வயதிலிருந்தே உண்டு, பனிக்காலத்தில் பத்தடி நடந்தால் நின்று மூச்சு வாங்க வேண்டும் என்றிருக்கிறார். பொகவந்தலாவைப் பனியில் லொறி டயரைத் தனியாளாகக் கழற்றி மாட்டிய மனிதர் இவர். நெஞ்சு வலி உண்டா என்று கேட்டிருக்கிறார்கள். ஒரு பக்கமாகப் பிடித்து இழுக்கும், இடது கை மரத்துப்போகும் என்றிருக்கிறார். மயக்கம்? இரண்டு மூன்று தடவை. ஆஸ்பத்திரியில் தங்கியதுண்டா என்ற கேள்விக்கு, "ஒரு தடவ செத்துப் பொழச்சேன்" என்றிருக்கிறார். மகள் அதை அப்படியே, அப்பா ஒருமுறை இறந்து பிறகு உயிரோடு வந்தார் என்று ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறாள். அந்தப் பக்கம் தட்டெழுதும் சத்தம் நின்றுபோனதாம்.

கடைசியாகச் சிறுநீரகம் எப்படி என்று கேட்டிருக்கிறார்கள். அதைப் பற்றி இவருக்கு ஒன்றும் தெரியாது. இருந்தாலும் கேட்டவள் மனம் நோகக் கூடாதே என்று, அதுவும் சரியில்லை என்றுதான் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டாராம்.

மறுநாள் மின்னஞ்சல் வந்தது. மன்னிக்கவும், உங்கள் கணவருக்கு எந்த வகைக் காப்புறுதியும் தர எங்களால் இயலவில்லை என்று நல்ல மரியாதையான ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். நான் அதைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"இவ்வளவு வருத்தம் இருக்குன்னு சொல்லியுமா குடுக்கல?" என்று கேட்டார்.

எனக்கு வந்த கோபத்தில் கரண்டியை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. பொய் சொல்ல வேண்டுமென்றால் குறைத்துச் சொல்கிற பொய்யாவது சொல்லியிருக்கக் கூடாதா என்று கத்தினேன். அவர் ஊரிலிருந்து கொண்டுவந்த பெட்டியைப் பார்த்தார். அது இன்னும் முழுதாகப் பிரிக்கப்படாமல் மூலையில் இருந்தது.

"நான் ஊருக்குப் போயிர்றேன் புள்ள" என்றார். "அங்க கிளினிக் இருக்கு, மருந்து இருக்கு, காசு கேக்க மாட்டாங்க. எனக்கு ஒண்ணு ஆயி நீ வாழ்நாள் பூரா கட்ட முடியாது. ஷெரின் இங்க படிக்கட்டும். நான் பொறகு வர்றேன்."

பிறகு வருகிறேன் என்ற சொல்லை ஏழு வருசமாக விமான நிலையங்களில் நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அதன் எடை எனக்குத் தெரியும். வெளியே போய்த் திரும்பினால் காத்திருக்கும் காலமும் நீண்டுகொண்டே போகும் என்பது ஒருபுறம். அவர் மறுபடி போனில் தெரிகிற முகமாகிவிடுவார் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. கோபமெல்லாம் போய்ப் பயம்தான் மிஞ்சியது.

4

எங்கள் கோயிலுக்கு வருகிற ஒருவர் மூலமாகக் குகதாசன் அண்ணனைத் தெரிந்துகொண்டோம். யாழ்ப்பாணத்துக்காரர், இன்சூரன்ஸ் முகவர். கடைத்தொகுதி ஒன்றின் மாடியில் சின்ன அலுவலகம். சுவரில் ஒரு கலண்டர், மேசையில் ஒரு பெரிய கல்குலேட்டர். நாங்கள் மூவரும் எதிரே உட்கார்ந்தோம். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அந்த மின்னஞ்சலையும், அதோடு வந்த பேட்டிக் குறிப்பையும் இரண்டு தரம் வாசித்தார். பிறகு என் வீட்டுக்காரரை மேலும் கீழும் பார்த்தார். படியேறி வந்தவருக்கு மூச்சுக்கூட வாங்கவில்லை.

"உங்களுக்கு நெஞ்சிலை என்ன வருத்தம்?" என்று கேட்டார்.

ஒன்றும் இல்லை என்றார் இவர்.

"மயக்கம்?"

அதுவும் இல்லை. ஒரு தடவை வெறும் வயிற்றில் திருவிழாவுக்குக் கொடி தூக்கியபோது தலை சுற்றியது என்றார்.

குகதாசன் அண்ணன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "இருவது வரியமா இந்த வேலை செய்யிறன். வருத்தத்தை ஒளிக்கிற ஆக்களைத்தான் கண்டிருக்கிறன். இல்லாத வருத்தத்தைக் கூட்டிச் சொல்லிப்போட்டு வந்து இருக்கிற முதல் ஆள் நீங்கள்தான். ஏன் இப்பிடிச் செய்தனீங்கள்?"

யாழ்ப்பாணத்தில் பிறந்த அவருக்கு அது விளங்காது. அவரைக் குறை சொல்ல முடியாது. தோட்டத்தில் பிறந்தவர்களுக்குத்தான் அது விளங்கும். நான்தான் அவருக்குத் தோட்டத்து டிஸ்பென்சரியைப் பற்றிச் சொன்னேன்.

தோட்டத்தில் வருத்தம் என்றால் வீட்டில் படுத்துக்கொள்ள முடியாது. டிஸ்பென்சரிக்குப் போய், நாங்கள் டாக்டரய்யா என்று கூப்பிடும் மருந்தாளரிடம் சொல்லி, அவர் நம்பி, துண்டு எழுதித் தந்தால்தான் அன்றைக்கு ஓய்வு. தலையிடி என்று மட்டும் சொன்னால் இரண்டு வெள்ளை மாத்திரை, நேரே கொழுந்து மலைக்கு. தலையிடியோடு காய்ச்சல் என்றால் கொஞ்சம் நிமிர்ந்து பார்ப்பார். தலையிடி, காய்ச்சல், கண் இருட்டிக்கொண்டு வருகிறது, கால் நடுங்குகிறது என்று சொன்னால்தான் துண்டு. அதனால் ஒன்று இருந்தால் மூன்றாகச் சொல்லு என்பது எங்கள் லயத்து வீடுகளில் எழுதாத சட்டம். சந்தையில் கடைக்காரர் கூட்டிச் சொல்வதும் நாம் குறைத்துக் கேட்பதும் மாதிரி, நாங்கள் கூட்டிச் சொல்வோம், அவர் மனதுக்குள் குறைத்துக்கொள்வார். இரண்டு பக்கத்துக்கும் கணக்கு தெரியும். பிள்ளை மடுவத்திலும் இதேதான். நான் இன்னும் கொஞ்ச நேரம் மடியில் வைத்திருக்க வேண்டும் என்பதற்காக, பச்சைப் பிள்ளைக்கு இல்லாத காய்ச்சலைச் சொல்லிவிட்டுப் போன தாய்மாரை எனக்குத் தெரியும். நானும் நம்புவது போலவே வாங்கி வைத்துக்கொள்வேன்.

குகதாசன் அண்ணன் சிரித்தார். நானும் சிரித்தேன். ஷெரினும் ஒரு காதிலிருந்து பாட்டுக் கருவியைக் கழற்றிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். இவர் மட்டும் சிரிக்கவில்லை. மேசையில் இருந்த கல்குலேட்டரைப் பார்த்தபடி பேசினார்.

"எங்கப்பா கொறச்சுச் சொன்னவரு" என்றார்.

மாமனார் சவரிமுத்து மலையில் வேலை செய்யும்போது இறந்துபோனார் என்பது எனக்குத் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மிச்சத்தை அந்த அலுவலகத்தில்தான் முதன்முதலாகக் கேட்டேன். மாமனார் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். வாய் பேசாத, கூச்ச சுபாவம். ஒருநாள் காலையில் மகனைக் கூட்டிக்கொண்டு டிஸ்பென்சரிக்குப் போயிருக்கிறார். இவருக்கு அப்போது பன்னிரண்டு வயது. வரிசையில் முன்னால் நின்றவர்களெல்லாம் தங்கள் வருத்தத்தை மலை மாதிரி அடுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"அப்பா முறை வந்துச்சு. 'லேசா நெஞ்சு கரிக்குதுங்க' அப்படின்னாரு. நான் பக்கத்துலதான் நின்னேன். லேசான்னு சொன்னாரு. வெள்ள மாத்திரை குடுத்தாங்க. வாங்கிட்டு மலைக்குப் போனாரு. அன்னைக்குப் பொழுதுக்குள்ள முடிஞ்சிருச்சு."

டாக்டரய்யா கெட்டவர் இல்லை என்றும் சொன்னார். அத்தனை பேரும் மூன்று மடங்கு சொல்லும் இடத்தில், லேசாக என்று வந்த ஒருவரை அவர் எப்படி எடுத்துக்கொள்வார் என்று கேட்டார். குகதாசன் அண்ணன் எழுந்துபோய் நாலு பேருக்கும் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தார். சாயம் கொஞ்சம் குறைவுதான். நாங்கள் குறை சொல்லாமல் குடித்தோம்.

பிறகு அவர் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, "தம்பி, இஞ்சை ஆக்கள் நீங்கள் சொல்லுறதை அப்பிடியே நம்புவினம். அதுதான் இந்த நாட்டிலை உள்ள பிரச்சினை" என்றார். நடந்ததை மறைக்காமல், முதல் பேட்டியில் தவறுதலாகக் கூட்டிச் சொன்னோம் என்று நாங்களே எழுத வேண்டும், ஊரில் பார்த்த டாக்டரிடமிருந்து ஒரு கடிதம் வேண்டும், இரண்டும் இருந்தால் வேறொரு கம்பெனியில் கேட்டுப் பார்க்கலாம் என்றார். உறுதி ஒன்றும் தரவில்லை. பெட்டியைக் கட்டுவதைக் கொஞ்சம் தள்ளிப்போடும்படி மட்டும் கேட்டுக்கொண்டார்.

5

ஊரில் என் நாத்தனார் லூர்து இருக்கிறாள். விசயத்தைச் சொன்னதும், மறுநாள் காலையிலேயே பஸ் ஏறிக் கிளினிக்குக்குக் கிளம்பிவிட்டாள். அங்கே இவரை வருசக்கணக்காகப் பார்த்துவந்த டாக்டர் ஒரு சிங்கள அம்மா. எப்போதும் அவசரத்தில் இருப்பார், ஆனால் கை ராசிக்காரர். லூர்து தனக்குத் தெரிந்த சிங்களத்தில் கதையைச் சொல்லி முடிக்கும்முன்பே அவர் சிரிக்க ஆரம்பித்துவிட்டாராம்.

சாயங்காலம் லூர்து போனில் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டோம்.

"அண்ணி, டாக்டரம்மா சொல்றாங்க, அண்ணன் ஒவ்வொரு தடவையும் நெஞ்சு வலின்னுதான் வருவாராம். அவங்களும் ஒவ்வொரு தடவையும் ஈசிஜி எடுப்பாங்களாம். அது புதுப் பொண்ணு கோலம் போட்ட மாதிரி ஒழுங்கா வருமாம். ஒங்கண்ணன் நெஞ்சு ஆனை நெஞ்சுன்னு சொல்லச் சொன்னாங்க."

அவர் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். சந்தோசப்பட வேண்டிய மனிதர், மானம் போன மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். இத்தனை வருசமும் டாக்டரம்மா தன்னை நம்பிக்கொண்டிருந்தார் என்றுதான் அவர் நினைத்திருந்தார். நம்பாவிட்டாலும் ஒவ்வொரு தடவையும் பார்த்தாரே, அதை யோசித்தீர்களா என்று நான் கேட்டேன். அன்று ராத்திரி அவருக்குச் சாப்பாடு வழக்கத்தைவிட ஒரு பிடி கூட இறங்கியது.

கடிதம் வந்தது. சீனி கட்டுப்பாட்டில், இழுப்பு கட்டுப்பாட்டில், மருந்து மாறவில்லை, இருதயத்தில் கோளாறு இல்லை என்று நாலே வரி. குகதாசன் அண்ணன் அதை அனுப்பி, இரண்டாவது பேட்டிக்கு நாள் வாங்கினார். இம்முறை தன் அலுவலகத்திலேயே, தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரைப் போனில் வைத்து, நாங்கள் எல்லோரும் சுற்றி இருக்கும்படி. ஷெரினுக்கு வேலை போய்விட்டதில் கொஞ்சம் கோபம்.

முதல் நாள் முழுக்க வீட்டில் ஒத்திகை நடந்தது. நான் கம்பெனிக்காரியாக நடித்தேன். நெஞ்சு வலி உண்டா என்று கேட்டால், "இல்ல" என்ற ஒரு சொல் அவர் வாயிலிருந்து வரவே வராது. "இப்போதைக்கு இல்ல" என்பார். "பெரிசா இல்ல" என்பார். இல்லவே இல்லை என்று சொன்னால் எங்கேயோ இருப்பது கேட்டுவிட்டு வந்துவிடும் என்று அவருக்குப் பயம். நம் ஊரில் யாராவது எப்படி இருக்கீங்க என்று கேட்டால், நல்லா இருக்கேன் என்று யார் சொல்கிறார்கள்? ஏதோ இருக்கோம் என்பதுதானே நம் பதில்.

பேட்டி தொடங்கியது. சீனிக்கும் இழுப்புக்கும் உள்ளதை உள்ளபடி சொன்னார். மருந்துப் பெயர்களைக் கூடப் பிழையில்லாமல் சொன்னார். அடுத்து, நெஞ்சு வலி எப்போதாவது வந்திருக்கிறதா என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார்.

இவர் வாய் திறக்கவில்லை. குகதாசன் அண்ணன் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். நான் மேசைக்குக் கீழே ஜெபமாலையைப் பிடித்திருந்தேன். இந்த ஒரு சொல்லில்தான் அவர் இங்கே இருப்பதும் போவதும் இருந்தது. லைனில் இருக்கிறீர்களா என்று மொழிபெயர்ப்பாளர் மறுபடி கேட்டார்.

"இல்லீங்க" என்றார். பிறகு, "வந்ததே இல்லீங்க" என்றார். அவர் குரல் வயதுக்கு வந்த பிள்ளையைக் கட்டிக்கொடுத்து அனுப்பும் தகப்பன் குரலாக இருந்தது.

எல்லாம் முடிந்தது என்று நான் மூச்சு விட்டபோது இன்னும் ஒரு கேள்வி வந்தது. மொத்தத்தில் உங்கள் உடல்நலம் எப்படி? "ஏதோ இருக்கேங்க" என்று இவர் ஆரம்பித்தார். குகதாசன் அண்ணன் கதிரையிலிருந்து பாதி எழுந்து இரண்டு கையையும் ஆட்டினார். ஷெரின் தன் அப்பாவின் காதுக்குள் சுத்தமான பொகவந்தலாவைத் தமிழில், "நல்லா இருக்கேன்னு சொல்லுப்பா" என்றாள்.

"நல்லா இருக்கேன்" என்றார் ஆரோக்கியசாமி. சொன்ன கையோடு, யார் கண்ணும் பட்டுவிடக் கூடாது என்று அவசரமாகச் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்.

கொடுத்துவிட்டார்கள். சீனிக்கும் இழுப்புக்கும் சேர்த்தே கொடுத்தார்கள், கட்டணம்தான் கொஞ்சம் கூட. அன்று வீட்டுக்கு வந்ததும் அவர் தன் பெட்டியைத் திறந்து, சட்டைகளை எடுத்து அலுமாரியில் அடுக்கினார். நான் குசினியில் நின்று வெங்காயம் நறுக்குவது போல அழுது முடித்தேன்.

6

அந்த இரண்டு மூன்று மாதத்தில் அவருக்கு ஒரு தும்மல் கூட வரவில்லை. இவ்வளவு கட்டியும் ஒன்றுக்கும் பிரயோசனப்படவில்லையே என்று அவர் முணுமுணுத்ததை நான் குகதாசன் அண்ணனிடம் சொல்லவில்லை. அரசாங்க அட்டை வந்தது. ஒரு சரக்குக் களஞ்சியத்தில் வேலையும் கிடைத்தது. தேயிலைப் பெட்டிகள் கூட அங்கே வருமாம். வந்தால் பெட்டியை முகர்ந்து பார்த்து எந்தப் பக்கத்துத் தேயிலை என்று தன்னோடு வேலை செய்கிறவர்களுக்குச் சொல்வாராம். பாதி தடவை பிழையாகத்தான் இருக்கும், ஆனால் சரிபார்க்க அங்கே யாரும் இல்லை.

தை மாதம் ஒரு சனிக்கிழமை நல்ல பனி கொட்டியது. காலையில் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு எங்கள் வாசலையும் பக்கத்து வீட்டு வாசலையும் சேர்த்தே வாரினார். உள்ளே வந்து உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. என்ன என்று கேட்டேன். ஒன்றும் இல்லை என்றார். எனக்குத் திக்கென்றது. ஒன்றுக்கு மூன்று சொல்கிற மனிதர், முதல் தடவையாக ஒன்றும் இல்லை என்கிறார்.

நான் வேறெதுவும் கேட்காமல் அவரையும், இந்தத் தடவை தான்தான் மொழிபெயர்ப்பேன் என்ற ஷெரினையும் வண்டியில் ஏற்றிப் பக்கத்துக் கிளினிக்குக்கு ஓட்டினேன். வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனை. உள்ளே போய் இவர் என்ன சொல்லப் போகிறார்? பழைய பழக்கத்தில் ஊதிச் சொல்லப் போகிறாரா, இன்சூரன்ஸ்காரர்களிடம் படித்த பாடத்தில் ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிடப் போகிறாரா? இரண்டில் எது ஆபத்து என்று எனக்கே தெரியவில்லை.

டாக்டர் ஒரு பஞ்சாபிப் பெண். ஷெரினுக்கு அக்கா மாதிரி இருந்தாள். கணினியின் முன்னால் உட்கார்ந்தபடி, நெஞ்சில் இறுக்கமா என்று கேட்டாள். ஆம் என்றார். சைபரிலிருந்து பத்துக்குள் எவ்வளவு வலி, பத்து என்றால் தாங்கவே முடியாதது என்று கேட்டாள். ஷெரின் மொழிபெயர்த்தாள்.

இப்படி ஒரு கேள்வியை அவர் அதுவரை கேட்டதில்லை. கூரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் வேண்டுமென்றே சுவரில் இருந்த நுரையீரல் படத்தைப் பார்த்தேன். அவர் கையை நெஞ்சில் வைத்து, உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று உண்மையிலேயே தேடிப் பார்த்தார்.

"நாலு" என்றார்.

டாக்டர் அதைத் தட்டெழுதிவிட்டுக் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். மேசையைச் சுற்றி வந்து முதுகிலும் நெஞ்சிலும் குழாயை வைத்துக் கேட்டாள். சட்டையைக் கழற்றச் சொல்லி, கம்பிகளை ஒட்டி, ஈசிஜி எடுத்தாள். விரல் நுனியில் ஏதோ மாட்டிப் பார்த்தாள். அந்தக் காகிதத்தைத் தான் ஒரு தரம் பார்த்து, உள்ளே இருந்த இன்னொரு டாக்டரிடமும் காட்டிவிட்டு வந்தாள். இருதயம் நன்றாக இருக்கிறது, குளிர்க் காற்றில் வேலை செய்ததால் இழுப்புத்தான் மூச்சுக்குழலை இறுக்கியிருக்கிறது என்று சொல்லி, அங்கேயே ஒரு மருந்தை உள்ளிழுக்கக் கொடுத்து, புதிய மருந்து ஒன்றையும் எழுதினாள். வந்தது நல்லது என்றாள். அடுத்த முறையும் பேசாமல் இருந்துவிடாமல் வரச் சொன்னாள்.

வெளியே வந்து வண்டியில் ஏறினோம். நான் சாவியைப் போட்டேன், திருப்பவில்லை. அவர் பெல்ட்டைக் கையில் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"நாலுன்னுதான் சொன்னேன் புள்ள" என்றார். "நாலுக்கே அந்தப் பொண்ணு எந்திரிச்சு வந்துருச்சு."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அப்பாவும் நாலுன்னுதான் சொன்னாரு" என்றார்.

கண்ணாடியில் பனி விழுந்துகொண்டிருந்தது. பின்னால் இருந்த ஷெரின் காதிலிருந்ததைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, முன்னால் குனிந்து தன் அப்பாவின் தோளைத் தட்டினாள்.

"இப்ப எத்தனப்பா?" என்று கேட்டாள்.

அவர் மறுபடி நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார். அவசரப்படவில்லை.

"சைபர்" என்றார்.

இந்தத் தடவை சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டது நான்தான்.